கூலிக்குத் தைக்காத பை

(கைவேலை, பழம்பொருள் சேகரிப்பு பற்றி ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.)

 

என்னைப் பேசக் கூப்பிட்ட தம்பி சொன்னார்: "அண்ணே, எப்பப் பாத்தாலும் வன்கொடுமை, வழக்கு, கலெக்டர் ஆபீஸ்னே பேசிட்டிருக்கோம். ஒரு நாளைக்குக் கைவேலை, பழைய சாமான் சேகரிக்கிறது, பொழுதுபோக்கு, இதப் பத்தி லேசாப் பேசுங்க. மனசுக்கு இதமா இருக்கும்." சரின்னு ஒத்துக்கிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தா, லேசாப் பேச வரலை. பொழுதுபோக்குங்கிற சொல்லே தொண்டையில நிக்குது. பொழுதைப் போக்கணும்னா முதல்ல நம்ம கையில பொழுது இருக்கணும். எங்க அவ்வாவுக்குப் பொழுது விடியும், பொழுது சாயும். நடுவுல இருந்த பொழுது பூராவும் சம்சாரி வீட்டுக்குச் சொந்தம்.

ஆனாலும் எனக்கு அந்தக் கிறுக்கு உண்டு, மறைக்கலை. பழைய பேனா, அரிக்கேன் விளக்கு, எனாமல் தட்டு, வால்வு ரேடியோ, எதைப் பாத்தாலும் கை தானாப் போகும். தூசியைத் துடைச்சு, அடியைப் புரட்டி, என்ன முத்திரை, எந்த ஊர்ல செஞ்சதுன்னு பாக்குற சுகம் இருக்கே, அது அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். ஓடாத கடிகாரத்தை ரெண்டு மாசம் நோண்டி ஓட வச்ச அன்னைக்கு நான் சோறு திங்கலை, அவ்வளவு சந்தோசம். அதனால இந்த ஆசையைக் கேலி பண்ண நான் வரலை. இந்த ஆசைக்குப் பின்னால ஒரு கணக்கு பாக்கி இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால, தெக்க ஒரு ஊர்ல பழம்பொருள் கடைக்குப் போனேன். பித்தளை மரக்கால், பீங்கான் ஜாடி, அஞ்சறைப்பெட்டி, இடிச்ச வீட்டுத் தேக்குத் தூண், எல்லாம் குவிஞ்சு கிடந்தது. சுவத்துல ஆணியடிச்சு, கறுத்துச் சுருங்கிப்போன ஒரு தோல் குழாயைத் தொங்கவிட்டிருந்தாங்க. கீழே ஒரு சீட்டு: 'பழங்காலத் தோல் கலைப்பொருள். விலை ரூ.4,500.' எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அது கமலை வால்.

இங்க இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குக் கமலை தெரியாது. கெணத்துல இருந்து மாடு கட்டித் தண்ணி இறைக்கிறது. இரும்புக் கூனை ஒண்ணு, அதுக்கு அடியில இணைச்ச தோல் வால். மாடு ரெண்டும் சரிவுல இறங்கும்போது வடம் கூனையை மேல இழுக்கும். மெல்லிசா இன்னொரு கயிறு, வாலோட வாயை மடக்கித் தூக்கிப் பிடிச்சிருக்கும், தண்ணி சிந்தாம. மேல வந்ததும் வால் நீண்டு, வாய் திறந்து, தொட்டியில தண்ணியைக் கொட்டும். கரிசக்காட்டுல மொளகாயும் கம்பும் தோட்டப் பயிரும் வெளஞ்சது இந்த வால் வழியா வந்த தண்ணியிலதான். அந்த வாலைத் தச்சது எங்க தாத்தா மாதிரி ஆளுங்க. நாங்க அருந்ததியர், வீட்டுல தெலுங்கு பேசுறவங்க.

அந்த வேலை எப்படின்னு கொஞ்சம் சொல்றேன். சம்சாரி வீட்டுல மாடு செத்தா நாங்கதான் இழுத்துட்டு வரணும். உரிச்ச தோலை உப்புப் போட்டு வச்சு, ஊறவச்சு, சுண்ணாம்புத் தண்ணியில போட்டா மயிர் இளகும். வளைஞ்ச கத்தியால மயிரையும் ஒட்டிக்கிட்டிருக்கிற சதையையும் சுரண்டி எடுக்கணும். அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணியில வாரக்கணக்கா ஊறணும். கடைசியாக் கடுக்காய். தோல் பதமாச்சான்னு தாத்தா மூக்குல வச்சுப் பாப்பாரு, கட்டைவிரலால அழுத்திப் பாப்பாரு. அவருக்குத் தராசும் கிடையாது, அளவுகோலும் கிடையாது. குத்தூசியாலச் சாய்வா ஓட்டை போட்டு, விளக்கெண்ணெய் தடவின தோல் வாரையே நூலாக் கோத்துத் தைப்பாரு. தண்ணியில ஊறினா தோல் உப்பி ஓட்டையைத் தானே அடைச்சுக்கிடும். ஒரு சொட்டு ஒழுகாது. இஞ்சினியர் காலேஜ்ல படிச்சு வந்த அறிவு இல்ல அது. அதுக்குக் கீழேயும் இல்ல.

கடைக்காரர் பக்கத்துல வந்தாரு. "நல்ல பீஸ் சார். ஹால்ல மாட்டினா அம்சமா இருக்கும் சார்"ன்னாரு. நான், "இது கமலை வாலுங்க. எங்க தாத்தா இதைத்தான் தச்சுக்கிட்டிருந்தாரு"ன்னு சொன்னேன். சந்தோசமாத்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தாரு. அதுவரைக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் 'சார்' போட்டவரு, அப்புறம் போடலை. விலையும் குறையலை.

தோழர்களே, கணக்கு பாக்கின்னு சொன்னேனே, அது இதுதான். பொருள் கூடத்துக்கு வரலாம், அதைத் தைத்தவனின் பேரன் வந்தால் முகம் மாறுகிறது. தோலில் தீட்டு இல்லை, விலைச்சீட்டு ஒட்டியதும் அது கலைப்பொருள். கையில் மட்டும் தீட்டு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

இதுக்குத் தாத்தாவுக்குக் கிடைச்சது என்ன? வருசக் கடைசியில களத்துமேட்டுல கொஞ்சம் தானியம் அளந்து போடுவாங்க. ஊர்க்காரியம் பாக்குறவங்களுக்குக் களத்துல போடுற அந்தப் பங்குக்குப் பேரு என்ன தெரியுமா? 'சுதந்திரம்.' நான் கேலிக்குச் சொல்லலை. அந்தப் பேருதான் வழக்கத்துல இருந்தது. அந்தச் 'சுதந்திரம்' வாங்கினவனுக்கு வேலையை நிறுத்துற சுதந்திரம் கிடையாது. காய்ச்சல்ல கிடந்தாலும் வால் கிழிஞ்சா எந்திரிச்சுப் போகணும். ஊருக்குள்ள அவரைப் பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'டேய்'தான். எங்க அப்பாவைவிடச் சின்னப் பையனும் 'டேய்'தான்.

அப்புறம் கரண்டு வந்தது, பம்புசெட்டு வந்தது. கமலை போச்சு, வாலும் போச்சு. அத்தனை வருசத்து அறிவு தேவையில்லாமப் போச்சு. வேலை போனப்ப யாரும் வந்து ஒரு வார்த்தை கேக்கலை.

இனிமேத்தான் முக்கியமான விசயம். தாத்தா வாழ்நாள்ல ஒரே ஒரு பொருளைக் கூலிக்கு இல்லாமச் செஞ்சாரு. வால் தச்சு மிஞ்சின துண்டுத் தோல்ல அவ்வாவுக்கு ஒரு சுருக்குப்பை. வெத்தலை பாக்கு போட. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதோட ஓரம் பூராவும் குத்தூசியாலப் புள்ளி புள்ளியா ஓட்டை போட்டு ஒரு கொடி மாதிரி ஓடவிட்டிருந்தாரு. அந்த ஓட்டைகளால எந்தப் பிரயோசனமும் இல்ல. தண்ணி நிக்கணும்னா ஓட்டை இருக்கக் கூடாது. வாழ்நாள் பூராவும் ஒழுகாமத் தச்ச மனுசன், ஒரு பையில மட்டும் ஆசைக்கு ஓட்டை போட்டிருக்காரு. கமலை நின்ன மதியானத்துல, வேப்பமரத்தடியில உக்காந்து செஞ்சாராம். அவ்வா சொல்லும்போது அவ முகத்துல ஒரு வெக்கம் வரும். "உங்க தாத்தாவுக்கு அன்னைக்கு என்னமோ பைத்தியம் பிடிச்சுப்போச்சு"ம்பா.

என் தாத்தாவோட பொழுதுபோக்கு அவ்வளவுதான். ஒரு ஆயுசுக்கு ஒரு பை.

அந்தப் பை இப்ப இல்ல. மேல்சாதிக்காரன் யாரும் பிடுங்கலை. எங்க அப்பாதான் தூக்கிப் போட்டாரு. அவருக்குக் கவர்மெண்டு வேலை கிடைச்சு டவுனுக்குக் குடிவந்தப்ப, சாமான் கட்டும்போது, "அந்த நாத்தமெல்லாம் அங்க வேண்டாம்"னு குத்தூசி, கத்தி, பை எல்லாத்தையும் குப்பையில போட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு அப்பப் பன்னெண்டு வயசு. நானும் தடுக்கலை. பள்ளிக்கூடத்துல எவனாவது பாத்துட்டா என்ன ஆகும்னுதான் எனக்குப் பயம். அவ்வா ஒண்ணும் பேசலை. அன்னையில இருந்து வெத்தலையைச் சேலை முந்தியில முடிஞ்சுக்கிட்டா.

அப்பாவை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அப்பா செய்தது சரியான கோபம். 1927இல் மகாடில் பாபாசாகேப் தம் மக்களிடம் செத்த மாட்டைச் சுமப்பதை விடுங்கள், அதன் இறைச்சியை விடுங்கள் என்றுதான் சொன்னார். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று காட்டினார். அடுக்கில் கீழே போட்டவனிடம் போய் உன் கைவேலை அழகானது, விட்டுவிடாதே என்று சொல்வதைப் போன்ற மோசடி வேறில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் அதைத்தான் செய்தது. பாதிநேரம் பள்ளி, மீதிநேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள், 1954இல் காமராசர் வந்ததும் கைவிடப்பட்டது. 2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழில் என்ற பேச்சோடு வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததும் அந்த நினைவினால்தான். 2025இல் தமிழக அரசு தொடங்கிய கைவினைத் திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. இந்த வேறுபாடு சின்ன வேறுபாடு இல்லை. கைவேலையைக் கற்க யாரும் வரலாம், யாரும் போகலாம் என்றால்தான் அது கலை. பிறப்பால் வந்து, போக முடியாமல் கிடந்தால் அது சிறை.

அப்போ நாம விட்டது சரி. ஆனா விட்டதோட சேத்து அந்தப் பையையும் போட்டுட்டோமே, அது சரியா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைச்சது ரொம்பத் தூரத்துல இருந்து.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்டு என்று ஓர் ஊர். ஆறு மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடும். பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வாரிசுகள் அங்கே வாழ்கிறார்கள். பலருக்கு இன்றைக்கும் பெட்வே என்ற குடும்பப் பெயர்தான், அது அடிமைகளை வைத்திருந்த பண்ணை முதலாளியின் பெயர். 1932இல் கடன் பாக்கிக்காக அவர்களின் மாடு, கலப்பை, தானியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். 1962இல், வாக்குரிமை கேட்டு ஆற்றைக் கடந்து போகத் தொடங்கியதும் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்தப் படகு மறுபடி ஓடியது 2006இல்தான். 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து பேசியிருக்கிறார்.

அந்த ஊர்ப் பொம்பளைங்க குளிருக்குப் போத்திக்கக் கந்தலை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பாங்க. எங்க அவ்வா பழஞ்சேலைகளை அடுக்கித் தச்ச விரிப்பு மாதிரியேதான். கிழிஞ்ச கால்சட்டை, மாவு மூட்டைச் சாக்கு, எதையும் விடமாட்டாங்க. 1942இல் மிசோரி பெட்வேங்கிற அம்மா, புருசன் செத்ததும் அவர் வயல்ல போட்டிருந்த வேலை உடுப்புகளைக் கிழிச்சு ஒரு போர்வை தச்சாங்க. அவர் நினைவா, அதைப் போத்திக்கிட்டுத் தூங்கணும்னு. முழங்கால்ல தேஞ்ச இடம், கறை பிடிச்ச இடம் எல்லாம் அதுல அப்படியே தெரியும்.

1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். நியூயார்க் கடைகளுக்குத் தைத்தார்கள். 1972இல் ஒரு பெரிய வணிக நிறுவனத்துக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைக்கும் வேலை வந்தது. காசு வந்தது, அது தேவைதான். ஆனால் கடைக்குத் தைப்பது எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். அதே பெண்கள் மிஞ்சின கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்தார்கள். கோடு கோணினால் கோணட்டும், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வந்தால் வரட்டும். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகமும், அதன்பின் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகமும் சுவரில் மாட்டியது வீட்டில் கோணல்மாணலாகத் தைத்த போர்வைகளைத்தான். 2006இல் அமெரிக்க அஞ்சல்துறை அவற்றைத் தபால்தலையாகவும் வெளியிட்டது.

இதைப் படிச்சப்ப எனக்குத் தாத்தாவோட பை ஞாபகம் வந்தது. மிஞ்சின துண்டு. கூலி இல்லாத மதியானம். பிரயோசனம் இல்லாத ஓட்டை. எசமானுக்குச் செய்யும்போது வெளிய வராத மனுசன், மிச்சத்துல வெளிய வர்றான். அந்த மிச்சத்துலதான் அவன் யாருன்னு தெரியுது.

இன்னொண்ணையும் சேத்துச் சொல்லணும். போர்வைகள் புகழ் பெற்ற பிறகு, பணம் யாருக்குப் போச்சுங்கிற கேள்வி வந்தது. 2007இல் தைத்த பெண்களில் சிலர், போர்வைகளை வாங்கிச் சேகரித்தவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். 2008இல் அது சமரசத்தில் முடிந்தது. நம் பக்கத்திலும் அதே கதைதான். கோலாப்பூர்ச் செருப்பு தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலைக்காரச் சாதிகளின் கையில் இருந்தது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் மிலான் நகரில் ஒரு பெரிய நிறுவனத்தின் உடை அணிவகுப்பில் அதே போன்ற செருப்பு வந்தது, செய்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லாமல். இங்கிருந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையிலிருந்து எடுத்தது என்று ஒத்துக்கொண்டார்கள். பொருளை எடுப்பதும் பெயரை விடுவதும் எங்கும் ஒரே பழக்கம்தான்.

நம்ம பறையை எடுத்துக்கோங்க. சாவுக்கு அடிக்க மாட்டோம்னு நம்ம சனங்க பறையைப் போட்டு உடைச்சிருக்காங்க, அதுக்காக உதையும் வாங்கியிருக்காங்க. அந்த மறுப்பு நடந்திருக்காவிட்டால் இன்றைக்கு மேடையில் பறைக்கு மரியாதை இல்லை. 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் பெண் பிள்ளைகள் பறை அடித்து ஆடினார்கள். வைக்கோல் தீயில் காய்ச்சின அதே தோல், அதே அடிக்குச்சி, அதே சிண்டுக்குச்சி. அடிக்கிறவள் வேண்டாம் என்றால் வைத்துவிட்டுப் போகலாம். மாறியது அது ஒன்றுதான். அது ஒன்று மாறினதால் எல்லாமே மாறிவிட்டது.

சில தோழர்கள் கேட்பார்கள்: சனம் சாகும்போது வெட்டவெளியில் உட்கார்ந்து பூவேலை செய்வதா, இதெல்லாம் வசதியானவன் சமாச்சாரம் இல்லையா என்று. அவர்களுக்குப் பாபாசாகேப்பைத்தான் காட்டுவேன். அவருக்குப் பேனாக்கள் மேல் தீராத ஆசை. புத்தகங்களுக்காகவே தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார். கடைசி வருடங்களில், உடம்பு முடியாத நிலையில், ஒரு வாத்தியாரை வைத்து வயலின் கற்றார். சட்டம் எழுதிய கை, அறுபது வயதில் வயலின் வில்லைப் பிடித்துக் கற்றுக்குட்டி மாதிரி இழுத்துப் பார்த்திருக்கிறது. அவரை யாரும் வாசிக்கச் சொல்லலை. அதனால் எந்த ஓட்டும் வரப்போவதில்லை. விடுதலை என்றால் சோறும் நிலமும் வேலையும்தான், மறுக்கவில்லை. அதோடு, யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு மதியானம் நம் கை இஷ்டத்துக்கு ஏதாவது செய்வதும் விடுதலைதான்.

அதனால மூணு வேலை சொல்றேன். பெரிய தீர்மானமெல்லாம் இல்ல.

ஒண்ணு, இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்க. பழைய சாமான் வாங்குறவன் வர்றதுக்கு முன்னால பாருங்க. முறம், ஓலைப்பெட்டி, உளி, குத்தூசி, பறைச்சட்டம், அவ்வா தச்ச விரிப்பு, எது இருந்தாலும் வெளிய எடுங்க. ஒரு சீட்டுல எழுதி ஒட்டுங்க: யார் செஞ்சது, எந்த ஊரு, எப்படிச் செஞ்சது. பேரு தெரிஞ்சவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு எழுதிருங்க. நான் கேக்காம விட்டேன்.

ரெண்டு, கைவேலைப் பொருள் வாங்கும்போது, விலையைக் கேக்குறதுக்கு முன்னால யார் செஞ்சாங்கன்னு கேளுங்க. ரோட்டோரத்துல உக்காந்து கூடை முடையிற அம்மாகிட்டப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீங்க. குளிர்சாதனக் கடையில நாம பேரம் பேசுறதில்லையே.

மூணு, பிள்ளைகளுக்குக் கைவேலை கத்துக்கொடுங்க, விளையாட்டா. நம்ம பிள்ளைக்குத் தோல்வேலைதான்னு இல்ல. நம்ம பிள்ளை மரத்துல செதுக்கட்டும், மண்ணுல வனையட்டும், வயலின் வாசிக்கட்டும். தோல் தைக்க அக்ரகாரத்துப் பிள்ளை வரட்டும், சுண்ணாம்புத் தொட்டியில கையை விட்டுப் பாக்கட்டும். அப்பத்தான் தீட்டு போகும்.

கடைசியா ஒண்ணு. அந்தக் கமலை வாலை நான் வாங்கிட்டேன். நாலாயிரத்து ஐநூறு ரூபாய், முழுசாக் கொடுத்து. என் வீட்டு முன்கூடத்துலதான் இருக்கு. அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன்: 'கமலை வால். தைத்தவர் பெயர் தெரியவில்லை. தைத்தவர் ஒருவர் இருந்தார்.'

அப்புறம் ஒரு குத்தூசியும் கொஞ்சம் தோலும் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை மதியானம் உக்காந்து ஒரு சுருக்குப்பை தைக்கிறேன். விரல்ல குத்தாத நாள் இல்ல. ஓரத்துல கொடி போடலாம்னு பாத்தா மண்புழு மாதிரி வருது. என் மக பாத்துட்டு, "அப்பா, இது பையா, பிஞ்ச செருப்பா?"ன்னு கேட்டா. சிரிப்பை அடக்க முடியலை ரெண்டு பேருக்கும்.

இதைத் தைக்கச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடலை. களத்துமேட்டுல யாரும் அளந்து போடப்போறதில்லை. வேண்டாம்னா இப்பவே நிறுத்திரலாம். நிறுத்தலை. இந்தா, கையோட கொண்டுவந்திருக்கேன், பாருங்க. பாத்துட்டுப் பின்வரிசைக்குக் கொடுங்க.

ஜெய் பீம்.